கப்பலேறிப் போனவர்களைத் தேடி



நம் பங்கின் நூற்றைம்பதாம் ஆண்டு ஜூபிலியைக் கொண்டாடும் இம்மலரில், கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய சுவாமிமார், மணி வாங்கித் தந்த குடும்பங்கள், பள்ளிக்கு இடம் கொடுத்த பெரியோர் ஆகியோரின் பெயர்கள் நன்றியுடன் இடம்பெற்றுள்ளன. அது முறையே. ஆனால் எந்த மலரிலும் இதுவரை அச்சேறாத மற்றொரு பட்டியலும் நமக்கு உண்டு. நம் கோயில் ஞானஸ்நானத் தொட்டியில் அருள்நீர் பெற்று, நம் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்து, பிறகு ஒருநாள் சென்னைப் பட்டணம் போய்க் கப்பலேறித் திரும்பி வராமலே போனவர்களின் பட்டியல் அது. நம் பதிவேடுகளில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரை அவர்கள் பெயர் வருகிறது. அதன்பின் கலியாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. ஏடு மௌனமாகி விடுகிறது.

பெயர்ப் பட்டியல் என்றால் நமக்குச் சலிப்பு. ஆனால் புனித மத்தேயு தம் நற்செய்தியைத் தொடங்குவதே ஒரு தலைமுறைப் பட்டியலைக் கொண்டுதான். அதில் அரசர்களும் இருக்கிறார்கள், உலகம் ஏளனமாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஏளனத்துக்கு உள்ளானவர்கள் என்பதற்காக அவர் அவர்களை ஒதுக்கிவிடவில்லை. பாபிலோனிலிருந்து திரும்பிய மக்களுள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்காமல் குருத்துவப் பணியை இழந்து நின்றதை நெகேமியா ஆகமம் கூறுகிறது. பெயரைக் காப்பதும் ஒரு திருப்பணி என்பது இதனால் விளங்கும்.

ஏன் போனார்கள்?

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் வானம் பார்த்த பூமி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் தாலாட்டுப் போலச் சொல்லிவந்தார்கள். ஏரிகள் வற்றின, மாடுகள் மடிந்தன, சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கஞ்சித் தொட்டியை நாடி ஊர் ஊராக அலைந்தவர்களில் பலர் அக்காலத்திலும் அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் திருச்சபையில் சேர்ந்தனர். சேத்துப்பட்டில் தாராஸ் சுவாமி அவர்கள் ஆற்றிய பணியை இப்பகுதியில் அறியாதார் இல்லை.

பஞ்சம் ஒரு காரணம். பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே சாக வேண்டிய நிலையும், தீண்டாமைக் கொடுமையும், தீராத கடனும் மற்றக் காரணங்கள். இவற்றோடு, சந்தைகளிலும் சத்திரங்களிலும் ஆள் சேர்க்கும் தரகர்களின் இனிய பேச்சும் சேர்ந்துகொண்டது. அங்கே போனால் மாதச் சம்பளம், அரிசி, துணி, ஐந்து ஆண்டு கழித்து விடுதலை என்றார்கள். எங்கே போகிறோம், எத்தனை நாள் கடலில் இருக்க வேண்டும் என்பது பலருக்குச் சரிவரத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஏமாந்துதான் போனார்கள் என்று சொல்லுவது அவர்களுடைய மன உறுதிக்கு நாம் செய்யும் குறையாகும். தெரிந்தே துணிந்து போனவர்களும் உண்டு.

ட்ரூரோ முதல் 1911 வரை

நம் பகுதியிலிருந்து போனவர்கள் மிகுதியாகச் சென்ற இடங்களில் ஒன்று தென் ஆப்பிரிக்காவிலுள்ள நேட்டால். ஆங்கிலேயருடைய குடியேற்ற நாடாயிருந்த அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860-ஆம் ஆண்டு இந்திய அரசு அதற்கெனச் சட்டம் இயற்றி அனுமதி அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னையை விட்டுப் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர்.

இடையில் 1866 முதல் 1874 வரை இப்போக்குவரத்து நின்றிருந்தது. தோட்டத் தொழிலில் ஏற்பட்ட நலிவு அதற்குக் காரணம். ஒப்பந்தம் முடித்து 1871-இல் ஊர் திரும்பியவர்கள் அடியும் சம்பளப் பாக்கியும் பற்றி முறையிட்டதால், 1872-இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பின்பு மீண்டும் தொடங்கி, 1911-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை நடந்தது. அந்த 51 ஆண்டுகளில் 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து சென்றவர்கள்.

பட்டணத்தில் 'டிப்போ' எனப்பட்ட முகாமில் அவர்களைத் தங்க வைத்து, மருத்துவர் சோதித்து, அதிகாரி முன்னிலையில் சம்மதம் கேட்பார்கள். துறைமுகம் கட்டப்படாத நாளில், கரையிலிருந்து மசூலாப் படகில் அலை தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். கடலையே பார்த்திராத உழவனுக்கும் இடுப்புக் குழந்தையோடு நின்ற அவன் மனைவிக்கும் அந்த அலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! பாய்க் கப்பலில் ஐந்து வாரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். பிற்காலத்து நீராவிக் கப்பலில் நாட்கள் குறைந்தன. அரிசி, பருப்பு, கருவாடு, புளி ஆகியவை உணவு. வழியில் இறந்தவர்களைக் கடலிலேயே அடக்கினார்கள். வட இந்தியர் தங்களோடு ஒரே கப்பலில் வந்தவனை 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரன், என்று அழைத்து, சொந்த உறவாகவே நடத்தினர். சாதியும் ஊரும் பிரித்துவைத்தவர்களைக் கடல் ஒன்றாக்கியது.

ஒப்பந்தப்படி முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். பத்தாண்டு அந்நாட்டில் இருந்து முடித்தவர்களுக்கு இலவசமாக ஊர் திரும்பும் உரிமை உண்டு. பலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே தங்கினார்கள். 1895-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வருவோர் மீது ஒரு சுமையை ஏற்றியது. ஒப்பந்தம் முடித்தபின் சுதந்திரமாகத் தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. காந்தியடிகளின் தலைமையில் 1913-இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாக 1914-இல் அவ்வரி ஒழிந்தது. அப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்று உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை.

கப்பல் பட்டியல் சொல்லும் செய்தி

இத்தனை பேரில் நம்மவர் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஒரு வியப்பு. தோட்ட முதலாளிக்கு ஆள் கணக்கு வேண்டும் என்பதற்காக எழுதிய குறிப்பே இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பொக்கிஷமாயிற்று.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிறகு பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம். எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும் தெரியவரும். அந்த எண்ணே எல்லாப் பூட்டுக்கும் சாவி. அவர் வேலை முடித்துப் பெற்ற விடுதலைச் சீட்டிலும், கலியாணப் பதிவிலும், இறப்புப் பதிவிலும் அது தொடர்ந்து வரும். ஆகவே நேட்டாலில் உறவினர் உடையவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "தாத்தாவின் கப்பல் எண் ஏதாவது காகிதத்தில் இருக்கிறதா?" என்பதுதான். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் பார்க்க வேண்டும். மனைவி, மக்கள், ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து நிற்பார்கள்.

கப்பலின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. உம்லாசி, உம்சிண்டோ, உம்வோட்டி முதலிய கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்து போனவை. அதனால் எத்தனையாவது பயணம் என்பதையும் சேர்த்துக் குறிப்பார்கள். மேலும், சொந்தக் கட்டணம் கொடுத்து வியாபாரத்துக்குச் சென்றவர்களின் பெயர் இப்பட்டியல்களில் இராது.

இவை டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாய் பிரெய்ன் அம்மையார் இவற்றை ஆராய்ந்து, நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றி 1983-இல் தனி நூலே வெளியிட்டார். சுரேந்திர பானா என்னும் அறிஞர் 1902 வரை வந்த 95,382 பேரின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். இன்று வீட்டிலிருந்தே கணிப்பொறி வழியாகவும் இப்பட்டியல்களில் பெயர் தேட முடிகிறது.

நம் மக்கள் அங்கே மேய்ப்பனில்லாமல் இருக்கவில்லை. அமலமரி தியாகிகள் சபையைச் சார்ந்த சபோன் சுவாமி என்னும் பிரெஞ்சுக் குரு டர்பனில் அவர்களுக்காகத் தமிழ் கற்று, பூசை வைத்து, பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். கப்பல் பட்டியலில் தொலைந்து போனவர் கோயில் பதிவேட்டில் அகப்படுவதும் உண்டு.

பெயர் என்னும் சிக்கல்

தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆயிற்று. காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' ஆயிற்று. சிற்றூர்களின் பெயர்களோ சொல்லத் தரமன்று. பட்டியலில் உள்ளதை வாய்விட்டு இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும். எல்லைகளும் மாறிவிட்டன. 1911 வரை சித்தூர்ப் பகுதி வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. ஆதலால் அக்காலப் பட்டியலில் வட ஆர்க்காடு என்றிருந்தாலும், அந்த ஊர் இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கலாம்.

கத்தோலிக்கருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் பெரியோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழாக்கி வழங்கினார்கள். பேதுருவை ராயப்பன் என்றும், பவுலைச் சின்னப்பன் என்றும், அருளப்பரை அருளப்பன் என்றும், யாகப்பரை யாகப்பன், சந்தியாகு என்றும், சூசையப்பரைச் சூசை என்றும், சவேரியாரைச் சவரிமுத்து என்றும், லாசரைத் தேவசகாயம் என்றும் அழைத்தோம். பழைய குருக்களோ பதிவேட்டை இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் ராயப்பன்; ஏட்டில் பெத்ருஸ்; கப்பலில் 'ராயபென்'; டர்பனில் பேரன் காலத்தில் பீட்டர். நால்வரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டில் பிறந்து தமிழ் மறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

அங்கே தந்தை பெயரோ பாட்டன் பெயரோ குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே அண்ணன் வழியினர் ஒரு குடும்பப் பெயரிலும் தம்பி வழியினர் வேறொரு பெயரிலும் வாழ்வது உண்டு. பெயர் வேறு என்பதால் உறவில்லை என்று தள்ளிவிடலாகாது.

நம் ஏட்டில் தேடியபோது

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நம் பங்குக்குக் கடிதம் எழுதினார். பெயர்களை மாற்றியே சொல்கிறேன். தம் பாட்டனாரின் தந்தை ராயப்பன், அவர் தந்தை சவேரி, வயது 28, மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் உடன் வந்தனர் என்று கப்பல் பட்டியலின் நகலை அனுப்பியிருந்தார். ஊர்ப் பெயர் சிதைந்திருந்தாலும் நம் கிளைக் கிராமம் என்பது புரிந்தது. சாதி எழுதும் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது.

ஞானஸ்நான ஏட்டைப் பார்த்தால், நான்கு ஆண்டு இடைவெளியில் சவேரியின் மகன் பெத்ருஸ் என்று இருவர். வயதை வைத்துத் தீர்மானிக்க இயலாது. அக்காலத்தில் வயது என்பது எழுத்தரின் கண் மதிப்பு. அடக்க ஏட்டைப் புரட்டியபோது அவர்களில் ஒருவர் பதினைந்து வயதிலேயே இறந்திருந்தார். மற்றவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் பெற்றதும் கிடைத்தது. அந்தக் குழந்தையின் பதிவுக்கு அருகில், ஓரத்தில், மங்கிய மையில் இலத்தீனில் ஒரு வரி: அப்பெண் 1911-இல் டர்பனில் விவாகம் செய்துகொண்டாள்.

இது எப்படி வந்தது? 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் வேறிடத்தில் மணம் முடித்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும். டர்பனில் இருந்த குரு அச்சட்டத்தைக் கடைப்பிடித்துக் கடிதம் எழுதினார். இங்கிருந்த குரு அதை ஓரத்தில் எழுதினார். இருவரும் தம் கடமையைச் செய்தார்கள், அவ்வளவே. நூறாண்டு கடந்து ஒரு குடும்பம் தன் வேரைக் கண்டுகொள்ள அதுவே சாட்சியாயிற்று.

இங்குள்ள உறவினரிடம் செய்தியைச் சொன்னபோது முதலில் எழுந்த கேள்வி, "சாமி, நிலத்திலே பங்கு கேட்பாங்களோ?" என்பது. வந்தவர்கள் நிலம் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டியைக் காட்டச் சொன்னார்கள். பின்பு ஆசிரியை தயங்கியபடி, "நாங்கள் என்ன சாதி என்று சிலர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?" என்றார். "உங்கள் முன்னோர் அதிகாரி முன் நின்று சொன்ன பதிலையே சொல்லுங்கள்" என்றேன். அந்தப் பதில் இங்கேயே இருந்துவிட்ட நமக்கும் போதுமானது என்பதை இந்த ஜூபிலி ஆண்டில் நாம் சிந்திப்பது நலம்.

மற்றத் திசைகள்

மொரீசியஸ் தீவுக்குச் சென்றவர்களைத் தேடுவோர் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தை அணுக வேண்டும். 1834 முதல் சென்றவர்களின் பதிவுகளும், பலருடைய புகைப்படங்களும் அங்கே உள்ளன. 2015-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மொரீசியஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை கடல்கடந்த இந்தியர் அட்டை வழங்கப்படும் என 2024-இல் அறிவிக்கப்பட்டிருப்பதால், நம் ஏடுகளுக்குச் சட்ட மதிப்பும் கூடியுள்ளது. ஃபிஜித் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் கப்பல் சென்றது. அவர்களுடைய பயணச் சீட்டுகளில் ஊரும் தந்தை பெயரும் உண்டு. பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து 1850-களில் கப்பல்கள் சென்றன. அங்குள்ள நம் இனத்தாரிடம் மொழி மறைந்தும் பெயர்கள் மறையவில்லை.

இலங்கை, மலேயா, பர்மா ஆகியவற்றின் நிலை வேறு. கங்காணி அழைத்துப் போன கூட்டங்களுக்கு நேட்டாலைப் போல ஊரும் தந்தை பெயரும் எழுதிய பட்டியல் கிடைப்பது அரிது. அங்கே தோட்டத்துக் கோயில் பதிவேடுகளே முதல் ஆதாரம். 1964-இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களிடம் அக்காலக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். நம் பங்கிலும் அத்தகைய குடும்பங்கள் உள்ளன. அக்காகிதங்களைப் பழைய குப்பை என்று எரித்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் 1888-இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே எழுந்தது. அத்தகைய கோயில்களின் ஏடுகளும் நமக்கு வழிகாட்டும்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, நம் வீட்டு முதியோரை உட்கார வைத்துக் கேளுங்கள். யார் அக்கரைச் சீமைக்குப் போனார், யாரோடு போனார், கடிதமோ பணமோ வந்ததா, எப்போது நின்றது என்பவற்றை எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது, பெருமைக்காகப் பொய் வம்சம் கட்டாதீர்கள். பெயர் ஒத்திருந்தால் போதாது. தந்தை பெயர், ஊர், உடன் சென்றவர், ஆண்டு இவற்றில் மூன்றாவது பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் 'தெரியவில்லை' என்று எழுதுவதே உண்மைக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது, 'கூலி' என்ற சொல்லுக்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பல குடும்பங்களில் வரலாறு அழிந்ததற்குக் கறையானைவிட வெட்கமே பெரிய காரணம். கைகளால் உழைத்து உண்டது இழிவானால், நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையும் இழிவாகும்.

நான்காவது, நம் பதிவேடுகள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் இவற்றுக்கு ஏடு வைத்திருக்கவும், பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்கவும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி பங்குக் குருவுக்குக் கட்டளையிடுகிறது. நம்முடைய முதல் மூன்று ஏடுகளின் ஓரங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. சில பக்கங்களில் மை காகிதத்தை அரித்துவிட்டது. இந்த ஜூபிலி ஆண்டுக்குள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியை ஆயர் இல்லத்தில் ஒப்படைத்து, மூல ஏடுகளை முறையாகச் செப்பனிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கப் பங்குப் பேரவை தீர்மானித்துள்ளது. இலத்தீன் பெயர்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதிப் பட்டியல் தயாரிக்க நம் இளைஞர் சங்கத்தார் முன்வந்திருக்கிறார்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூச நன்கொடை தருவோர், இந்த வேலைக்கும் தங்களால் இயன்றதைத் தர வேண்டுகிறேன். வர்ணம் பத்தாண்டில் மங்கும்; இது மங்காது.

நவம்பர் மாதத்தில் மரித்த விசுவாசிகளுக்காக நாம் கல்லறைகளை மந்திரிக்கிறோம். கடலில் அடக்கமானவர்களுக்கும், கரும்புத் தோட்ட ஓரங்களில் பெயர்ப் பலகையின்றிப் புதைக்கப்பட்டவர்களுக்கும் நம் பங்கில் கல்லறை இல்லை. இவ்வாண்டு முதல் மரித்தோர் நாள் பூசையில், ஏட்டிலிருந்து நாம் கண்டறிந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து அவர்களுக்காக மன்றாடுவோம். முதல் பட்டியலில் இப்போது பதினொரு பெயர்கள் உள்ளன. உங்கள் வீட்டுப் பெயர் ஒன்று அதில் சேர வேண்டுமானால், அறிந்ததை எழுதிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வாருங்கள். ஏட்டை நாம் சேர்ந்தே திறந்து பார்ப்போம்.

இறைவன் உங்கள் அனைவரையும், அக்கரையில் உள்ள நம் உறவினர் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குக் குரு